சின்ன டீசல் காரில் மைலேஜ் விழுந்துவிட்டதா? அறிகுறியை வைத்துக் காரணம் பிடிக்கும் வழி

கோவை, திருப்பூர், ஈரோடு, பொள்ளாச்சி பக்கம் இன்றைக்கும் ஏகப்பட்ட வீடுகளில் ஒரு சின்ன டீசல் கார் நிற்கிறது. ஸ்விஃப்ட், டிசையர், ரிட்ஸ், ஃபிகோ, எட்டியோஸ் லிவா, போலோ என்று ஏதாவது ஒன்று. பிஎஸ்6 என்ற புகைக்கட்டுப்பாட்டு விதி 2020 ஏப்ரலில் வந்ததோடு மாருதி டீசல் கார் விற்பதையே நிறுத்திவிட்டது. மற்றவர்களில் பெரும்பாலோரும் இந்த அளவு வண்டிகளில் டீசலை ஒவ்வொன்றாகக் கைவிட்டார்கள். அதனால் கையில் இருக்கிற வண்டியை நல்லபடியாக வைத்துக்கொள்வதுதான் நமக்கு வழி.

மாதம் 1,000 கிலோமீட்டர் ஓட்டுகிறீர்கள் என்று வையுங்கள். லிட்டருக்கு 20 கொடுத்த வண்டி 16-க்கு இறங்கினால், 50 லிட்டர் போதும் என்ற இடத்தில் 62.5 லிட்டர் ஊற்ற வேண்டும். லிட்டர் 92 ரூபாய் கணக்கில் மாதம் 1,150 ரூபாய் வீண். இதைக் கேட்டதும் நம்மூரில் முதலில் வருகிற யோசனை, "இன்ஜெக்டரைக் கழற்றிப் பார்த்திரலாமுங்க" என்பதுதான். சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் பாகம்தான் இன்ஜெக்டர். என் கருத்தில் அதைக் கழற்றுவது கடைசியாகச் செய்ய வேண்டிய வேலை. பெரும்பாலும் மைலேஜ் போவது காற்றிலும் சக்கரத்திலும் வலது காலிலும்தான். அவற்றைப் பார்க்க ஆகும் செலவு நூறுகளில் முடியும், இன்ஜெக்டர் வேலை ஆயிரங்களில் நிற்கும். எனவே கீழே சொல்வதை மேலிருந்து வரிசையாகப் பாருங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். நாலைந்தை ஒன்றாக மாற்றினால் எது பலன் கொடுத்தது என்று தெரியாது.

உண்மையிலேயே குறைந்ததா?

டேஷ்போர்டில் காட்டும் மைலேஜை நம்பி முடிவுக்கு வராதீர்கள். பல வண்டிகளில் அது நிஜத்தைவிடக் கூடுதலாகவே காட்டும். கம்பெனி சொல்லும் எண்ணும் உதவாது. 2017-இல் வந்த டிசையர் டீசலுக்கு 28.4 என்று சான்று இருந்தது. அது சாலையில் எடுத்ததல்ல, உருளை மேல் வண்டியை நிறுத்தி ஏசி இல்லாமல் ஓட்டிப் பார்த்தது. உங்கள் வண்டி போன வருடம் உங்கள் கையில் என்ன கொடுத்தது என்பதோடுதான் ஒப்பிட வேண்டும்.

சரியான முறை டேங்க் டு டேங்க். ஒரு பங்க்கில் ஃபுல் டேங்க் போடுங்கள். நாசில் முதல் தடவை தானாக நின்றதும் போதும் என்று சொல்லிவிடுங்கள். டீசல் நுரைக்கும், அதற்கு மேல் அழுத்தி நிரப்பினால் ஒவ்வொரு தடவையும் அளவு மாறும். கிலோமீட்டரைக் குறித்துக்கொண்டு, 400, 500 கிலோமீட்டராவது ஓடிய பிறகு அதே பங்க்கில் அதே பம்ப்பில் மறுபடி நிரப்பி வகுத்துப் பாருங்கள்.

இதில் நம்ம ஊருக்கென்று ஒரு சிக்கல் இருக்கிறது. ஈரோடு கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 180 மீட்டர் உயரம், கோவை 410. பெருந்துறை, அவிநாசி வழியாக வரும்போது சாலை சமமாகத்தான் தெரியும், ஆனால் 100 கிலோமீட்டரில் வண்டி 230 மீட்டர் ஏறியிருக்கும். இந்த ஏற்றத்துக்கு மட்டும் கால் லிட்டர் அளவுக்குக் கூடுதலாகச் செலவாகும். ஒவ்வொரு வழியையும் தனியாகக் கணக்குப் போட்டவர் "ஏறும்போது 19, இறங்கும்போது 21, வண்டியில் ஏதோ கோளாறு" என்பார். கோளாறு எதுவும் இல்லை. போக, வர இரண்டையும் சேர்த்தே கணக்குப் போட வேண்டும்.

ஆனி, ஆடியில் திடீரென விழுந்தது

வண்டியைத் தொடாதீர்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியாகத் தென்மேற்குக் காற்று பாய்கிற காலம் அது. உடுமலை, பல்லடம், பொங்கலூர், தாராபுரம் பக்கம் இத்தனை காற்றாலைகள் நிற்பதே அந்தக் காற்றை நம்பித்தான். உடுமலையிலிருந்து பொள்ளாச்சி நோக்கி 80-இல் போகிறீர்கள், எதிரே 30 கிலோமீட்டர் வேகத்தில் காற்று அடிக்கிறது என்றால், வண்டிக்கு அது 110-இல் போவது மாதிரி. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தில் ஏறும் என்பதால் தடை கிட்டத்தட்ட 1.9 மடங்காகிவிடும். எதிர்க்காற்று நாளில் 80-ஐ 65 ஆகக் குறைத்தால் வித்தியாசம் டேங்க்கிலேயே தெரியும். காற்றாலை இறக்கை எந்தப் பக்கம் முகம் காட்டுகிறது என்று பார்த்தாலே போதும், காற்று எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துவிடும். ஐப்பசியில் மறுபடி அளந்து பாருங்கள். பழைய கணக்கு திரும்பியிருந்தால் வண்டி நன்றாகவே இருக்கிறது.

வேறு குறை ஒன்றும் இல்லை, மெல்ல மெல்லக் குறைந்தது

இப்படி வருபவர்கள்தான் அதிகம். முதலில் டயர் காற்று. ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும், அதில் உள்ள அளவுதான் உங்கள் வண்டிக்கு. பஞ்சர் கடையில் எல்லா வண்டிக்கும் ஒரே அளவு அடித்துவிடுவார்கள், நாம்தான் சொல்லிக் கேட்க வேண்டும். காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போது பாருங்கள். மத்தியான வெயிலில் 40 கிலோமீட்டர் ஓட்டிவிட்டுப் பார்த்தால் நாலைந்து பாயின்ட் கூட இருப்பது போலக் காட்டும், "சரியாத்தான் இருக்கு" என்று ஏமாந்துவிடுவோம்.

அடுத்து ஏர் ஃபில்டர். இந்த விஷயத்தில் கொங்கு நாட்டுக்காரர்கள் கம்பெனிப் புத்தகத்தை அப்படியே பின்பற்றினால் போதாது. திருப்பூரில் பஞ்சுத் தூசி, காரணம்பேட்டை பக்கம் கல்குவாரிப் புழுதி, பொள்ளாச்சி, ஆனைமலையில் தென்னை நார் மில்களின் தூள். புத்தகத்தில் போட்டிருக்கும் கிலோமீட்டரில் பாதியிலேயே ஃபில்டர் அடைத்துவிடும்.

நீங்களே பார்க்கலாம். பெட்டியின் கிளிப்புகளை நெம்பி மூடியைத் தூக்குங்கள். ஃபில்டரை வெளியே எடுத்து, மடிப்புகளை விரித்து வெயிலுக்கு எதிரே பிடியுங்கள். மடிப்பின் அடியில் வெளிச்சம் தெரியவில்லை என்றால் மாற்றத்தான் வேண்டும். அப்புறம் முக்கியமான ஒன்று. ஃபில்டரைத் தாண்டி இன்ஜின் பக்கம் போகும் குழாயின் உள்பக்கத்தில் ஒரு விரலை விட்டுத் தடவுங்கள். விரல் சுத்தமாக வந்தால் சரி. மாவு போலத் தூசி ஒட்டினால், ஃபில்டர் ஓரத்து ரப்பர் சரியாக உட்காரவில்லை, அல்லது மலிவான ஃபில்டர் வாங்கி மாட்டியிருக்கிறார்கள். அந்தத் தூசி நேரே டர்போ (இன்ஜினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் பாகம்) இறக்கையில் போய் அடித்துக்கொண்டிருக்கிறது. மைலேஜ் கணக்கை விடுங்கள், அன்றைக்கே சரி செய்ய வேண்டிய விஷயம் இது. கம்ப்ரஸர் காற்றை ஃபுல்லாக வைத்து ஃபில்டரை ஊதுவதும் கெடுதல். காகிதத்தில் கண்ணுக்குத் தெரியாத கிழிசல் விழும். ஊதித்தான் ஆக வேண்டும் என்றால், மெதுவான காற்றில் சுத்தமான பக்கத்திலிருந்து வெளிப்பக்கம் நோக்கி ஊதுங்கள்.

இன்ஜின் ஆயிலின் கிரேடையும் பாருங்கள். 5டபிள்யூ-30 கேட்கும் வண்டியில் "நம்ம வெயிலுக்குக் கெட்டியா இருக்கட்டும்" என்று 15டபிள்யூ-40 ஊற்றிவிடுகிறார்கள். கெட்டி ஆயிலைச் சுற்றவே இன்ஜினுக்குக் கொஞ்சம் டீசல் போகும். புத்தகத்தில் உள்ள கிரேடு மட்டும் போதும்.

புது டயர் போட்டதிலிருந்து குறைந்தது

அகல டயர் சாலையைக் கூடுதலாகப் பிடிக்கும், உருளத் தடையும் கூடும். ஆனால் இன்னொன்றும் நடக்கும். டயரின் விட்டம் பழையதைவிட 3 சதவீதம் பெரிதென்றால், 100 கிலோமீட்டர் ஓடியதை வண்டி 97 என்று எண்ணும். குறைந்தது கணக்குதான், டீசல் அதே அளவுதான் போகிறது. மொபைல் ஜிபிஎஸ்ஸை வைத்து 50 கிலோமீட்டர் ஓட்டி ஒப்பிட்டால் தெரிந்துவிடும். அளவு மாறாத அதே டயர் போட்டும் குறைந்தால் அலைன்மென்ட்தான். நேர்ச் சாலையில் ஸ்டீயரிங் கோணலாக நிற்கிறதா, டயரின் ஒரு ஓரத்தைத் தடவினால் ரம்பம் போல உறுத்துகிறதா என்று பாருங்கள்.

ஒரு சக்கரம் மட்டும் சூடாகிறது

பிரேக் பிடித்துக்கொண்டே ஓடுகிறது. கூட்டம் இல்லாத சாலையில், பிரேக்கை அதிகம் தொடாமல் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓட்டி நிறுத்துங்கள். நாலு சக்கரத்தின் அருகிலும் புறங்கையைக் கொண்டுபோங்கள். உடனே தொடாதீர்கள், சுட்டுவிடும். மூன்று வெதுவெதுப்பாக இருந்து ஒன்று மட்டும் அனல் அடித்தால், அந்தப் பக்கத்துக் காலிப்பர் (பிரேக் பேடை அழுத்தும் பாகம்) நகர உதவும் சின்னக் கம்பியான பின் இறுகியிருக்கும். பின்சக்கரம் என்றால் ஹேண்ட் பிரேக் கேபிள். மழைக்காலத்தில் ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு வாரக்கணக்கில் வண்டியை நிறுத்துபவர்களுக்கு இது சகஜம். ஜாக்கி போட்டுத் தூக்கிக் கையால் சுற்றினால் உறுதியாகும். பின்னைக் கழற்றித் துடைத்து, அதற்கென்று இருக்கிற கிரீஸ் போட்டால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். செலவு சின்னது, திரும்பக் கிடைக்கும் மைலேஜ் பெரிது.

கரும்புகை, கூடவே இழுவைக் குறைவு

கரும்புகை என்றால் ஊற்றிய டீசலுக்குத் தேவையான காற்று கிடைக்கவில்லை என்று அர்த்தம். ஏர் ஃபில்டரை மேலே பார்த்துவிட்டோம். அது சரியாக இருந்தால் அடுத்தது டர்போவிலிருந்து இன்டர்கூலருக்கும் (டர்போ அனுப்பும் காற்றைக் குளிர்விக்கும் பாகம்), அங்கிருந்து இன்ஜினுக்கும் போகும் ரப்பர் ஹோஸ். பழைய வண்டிகளில் இது கிளாம்ப் ஓரத்தில் கிழியும். ஏற்றத்தில் ஆக்ஸிலேட்டரை மிதிக்கும்போது "புஸ்ஸ்" என்று சத்தம் வரும், சமதளத்தில் வராது. இன்ஜினை அணைத்து, ஆறவிட்டு, ஹோஸின் அடிப்பக்கத்தைத் தடவுங்கள். கிழிந்த இடத்தைச் சுற்றி ஆயில் கசிந்து கறுத்திருக்கும். ஹோஸ் மடங்கும் இடத்தை விரலால் விரித்தால்தான் சில கிழிசல் கண்ணுக்குத் தெரியும். டேப் சுற்றி ஓட்டாதீர்கள், டர்போ அழுத்தத்தில் நிற்காது. ஹோஸையே மாற்றுங்கள்.

ஹோஸும் நன்றாக இருந்தால் காற்றை அளக்கும் சென்சார், அதற்குப் பிறகு ஈஜிஆர் வால்வு, அதாவது புகையில் ஒரு பகுதியை மறுபடி இன்ஜினுக்குள் அனுப்பும் பாகம். சென்சாரை அதற்கென்று விற்கும் ஸ்பிரேயால் மட்டும் சுத்தம் செய்ய வேண்டும், துணி போட்டுத் துடைத்தால் உள்ளே இருக்கும் மெல்லிய கம்பி போய்விடும். ஈஜிஆர் கரி பிடித்துத் திறந்தபடியே நின்றுவிட்டால் வண்டி கீழ் ஆர்பிஎம்மில் மந்தமாக இருக்கும், புகையும் தள்ளும். டவுனுக்குள் மெதுவாகவே ஓடும் வண்டிகளில் இது அதிகம். கழற்றிக் கரியைச் சுரண்டிச் சுத்தம் செய்தால் வண்டி மாறிவிடும். ஈஜிஆரை அடைத்துவிடலாம் என்று யோசனை சொல்வார்கள். அது புகைக்கட்டுப்பாட்டுப் பாகம். அடைத்தால் நைட்ரஜன் ஆக்சைடு கூடும், அதைச் சுவாசிப்பது நம் ஊர்ப் பிள்ளைகள்தான். செய்யாதீர்கள்.

புகை நீலமாக வந்தால் ஆயில் எரிகிறது, டர்போ சீலையோ பிஸ்டன் ரிங்கையோ பார்க்க வேண்டும். காலையில் ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் வெள்ளையாக வந்து நின்றுவிட்டால், குளிர்ந்த இன்ஜினைச் சூடாக்கும் க்ளோ பிளக். சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்காமல், கூலன்டும் குறைந்துகொண்டே வந்தால் ஓட்டுவதை நிறுத்திப் பட்டறைக்குக் கொண்டுபோங்கள்.

டெம்பரேச்சர் முள் நடுவுக்கு வருவதே இல்லை

முள் மேலே போனால் எல்லோரும் பதறுவார்கள், கீழேயே நின்றால் யாரும் கவலைப்படுவதில்லை. நம்மூர்ப் பட்டறைகளில் ஒரு பழக்கம் உண்டு. வண்டி ஒரு தடவை சூடாகிவிட்டால், "ஏனுங்ணா, நம்ம ஊரு வெயிலுக்குத் தெர்மோஸ்டாட் எதுக்குங்க? கழட்டி உட்டர்லாம், இன்ஜின் கூலா ஓடும்" என்று எடுத்துவிடுவார்கள். இன்ஜின் சூடாகும் வரை கூலன்டை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் வால்வுதான் தெர்மோஸ்டாட். டீசல் இன்ஜின் 80, 90 டிகிரியில் ஓடினால்தான் நன்றாக எரியும். அதற்குக் கீழே இருக்கும் வரை இன்ஜின் இன்னும் சூடாகவில்லை என்று நினைத்துக் கம்ப்யூட்டர் கூடுதல் டீசல் ஊற்றிக்கொண்டே இருக்கும், ஆயிலும் கெட்டியாகவே இருக்கும். சிலிண்டர் தேய்மானமும் கூடும்.

விடிகாலையில் பெருந்துறையிலிருந்து நெடுஞ்சாலையில் ஏறுங்கள். பத்துப் பதினைந்து கிலோமீட்டருக்குள் முள் வழக்கமான இடத்துக்கு வந்து நிலையாக நிற்க வேண்டும். வேகமாகப் போகும்போது முள் இறங்கி, சிக்னலில் நின்றால் ஏறுகிறது என்றால் தெர்மோஸ்டாட் திறந்தபடியே மாட்டிக்கொண்டது, அல்லது இல்லவே இல்லை. செகண்ட் ஹேண்டில் வண்டி வாங்கியவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். புதுத் தெர்மோஸ்டாட்டும் சரியான கூலன்டும் போட்டால் மைலேஜ் திரும்பும், இன்ஜின் ஆயுளும் கூடும். ரேடியேட்டரில் போர்த் தண்ணீர் மட்டும் ஊற்றி ஓட்டுவதையும் இத்தோடு விட்டுவிடுங்கள். நம் பக்கத்து உப்புத் தண்ணீர் உள்ளே படிந்து அடைக்கும்.

ரேஸ் ஏறுகிறது, வேகம் ஏறவில்லை

கிளட்ச் வழுக்குகிறது. நாலாவது கியரில் 50-இல் போகும்போது ஆக்ஸிலேட்டரை முழுதாக மிதியுங்கள். ஆர்பிஎம் முள் மட்டும் துள்ளி ஏறினால் கிளட்ச் செட் மாற்ற வேண்டியதுதான், வேறு வழி இல்லை.

80-க்கு மேல் மூச்சு முட்டுகிறது

டீசல் ஃபில்டர். மெதுவாகப் போகும்போது தேவையான டீசல் வந்துவிடும், வேகமாகப் போகும்போது போதாது. ஃபில்டரின் அடியில் தண்ணீர் வடிக்கும் திருகு இருந்தால், ஒரு கண்ணாடிப் பாட்டிலில் கொஞ்சம் வடித்து அரை மணி நேரம் வையுங்கள். தண்ணீர் இருந்தால் அடியில் தனியாகப் பிரிந்து நிற்கும். டிராக்டருக்கும் ஜேசிபிக்கும் கேனில் வாங்கி வைத்த டீசலை அவசரத்துக்குக் காரில் ஊற்றுவது தோட்டத்து வீடுகளில் நடப்பதுதான். பழைய டிராக்டர் தாங்கும், கார் தாங்காது. 1,400, 1,600 பார் அழுத்தத்தில் வேலை செய்யும் பம்ப்புக்கு டீசல்தான் வழுவழுப்பு. மண்ணெண்ணெய் கலந்தால் அது போய்விடும்.

பங்க் மேலேயே சந்தேகம் என்றால் சண்டை வேண்டாம், சோதனை கேளுங்கள். முத்திரையிட்ட 5 லிட்டர் அளவுக் குடுவை ஒவ்வொரு பங்க்கிலும் இருக்க வேண்டும், அதில் ஊற்றிக் காட்டச் சொல்ல வாடிக்கையாளருக்கு உரிமை உண்டு. அடர்த்தியும் கேட்டுப் பார்க்கலாம். டேங்க்கர் லாரி இறக்கிக்கொண்டிருக்கும் நேரத்தில் மட்டும் நிரப்பாதீர்கள், அடியில் படிந்த கசடு கலங்கியிருக்கும்.

டவுனுக்குள் மட்டும் மோசம்

காந்திபுரம், உக்கடம், திருப்பூர் பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஓட்டினால் எந்த வண்டியும் குறைவாகத்தான் கொடுக்கும். நின்றபடி ஓடும் சின்ன டீசல் இன்ஜின் மணிக்கு ஏறக்குறைய அரை லிட்டர் குடிக்கும், ஏசி போட்டால் இன்னும் கூடும். இதற்குக் கால்தான் மருந்து. டர்போ வேலை செய்யத் தொடங்குவது 1,800, 2,000 ஆர்பிஎம் பக்கம். அதை எட்டியதும் அடுத்த கியர் போடுங்கள். 1,200-இல் நாலாவது கியர் போட்டு வண்டியை நடுங்க விடுவதால் மிச்சம் ஆகாது, இன்ஜினும் கிளட்சும்தான் அடி வாங்கும். தூரத்தில் சிவப்பு விளக்கு தெரிந்தால் கியரிலேயே வைத்துக் காலை எடுத்துவிடுங்கள். கியரில் உருளும்போது இன்ஜினுக்கு டீசல் போவதே நின்றுவிடும், நியூட்ரலில் போட்டால் ஐடிலுக்கான டீசல் போய்க்கொண்டே இருக்கும்.

இதனால்தான் வால்பாறையின் 40 கொண்டை ஊசியிலும் திம்பத்தின் 27 கொண்டை ஊசியிலும் நியூட்ரலில் இறங்குபவர்களைப் பார்த்தால் மனது பதறுகிறது. டீசலும் மிச்சமாகாது, பிரேக்கும் சூடேறிப் பிடிக்காமல் போகும். ஏறிய கியரிலேயே இறங்குங்கள்.

2020-க்குப் பிறகு வந்த பிஎஸ்6 ஐ20, அல்ட்ரோஸ், நியோஸ் மாதிரி டீசல் வண்டி வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் கவனியுங்கள். சைலன்சர் வழியில் டிபிஎஃப் என்ற கரி வடிகட்டி இருக்கிறது. அது நிரம்பும்போது கூடுதல் டீசல் ஊற்றி 600 டிகிரி அளவுக்குச் சூடாக்கிக் கரியை எரித்துக்கொள்ளும். தினமும் ஸ்கூலுக்கும் மார்க்கெட்டுக்கும் நாலு நாலு கிலோமீட்டர் மட்டும் ஓட்டினால், எரிப்பு பாதியிலேயே நின்று, திரும்பத் திரும்பத் தொடங்கும். டீசல் போகும், போதாததற்கு ஆயிலிலும் டீசல் கலக்கும். டிப் ஸ்டிக்கில் ஆயில் அளவு குறையாமல் ஏறிக்கொண்டே வந்தால் அதுதான் அடையாளம், ஆயிலை உடனே மாற்றுங்கள். வாரம் ஒரு தடவை நீலாம்பூரில் நெடுஞ்சாலை ஏறி, 2,000 ஆர்பிஎம்முக்குக் குறையாமல் அரை மணி நேரம் நிற்காமல் ஓட்டினால் வடிகட்டி தானே சுத்தமாகிவிடும். ஓட்டமே டவுனுக்குள்தான் என்றால் இந்த வண்டி உங்களுக்கு ஏற்றதல்ல, பெட்ரோலுக்கு மாறுவது நல்லது.

எல்லாம் பார்த்தாயிற்று, இன்னும் வரவில்லை

இப்போதுதான் இன்ஜெக்டர். இதிலும் நாலையும் கழற்றச் சொல்லாதீர்கள். முதலில் ரிட்டர்ன் சோதனை கேளுங்கள். ஒவ்வொரு இன்ஜெக்டரின் திரும்பு குழாயிலும் ஒரு சின்னப் பாட்டிலை மாட்டி, இன்ஜினைச் சில நிமிடம் ஓடவிடுவார்கள். மூன்று பாட்டிலில் ஒரே அளவு டீசல் சேர்ந்து, நாலாவதில் மட்டும் மளமளவென்று ஏறினால் அந்த ஒன்று தேய்ந்துவிட்டது. கூடவே ஸ்கேனரில் ஒவ்வொரு சிலிண்டரின் திருத்த அளவையும் (கம்ப்யூட்டர் அதற்கு டீசலை எவ்வளவு கூட்டிக் குறைக்கிறது என்பது) பார்க்கச் சொல்லுங்கள், இரண்டும் ஒரே சிலிண்டரைக் காட்ட வேண்டும். டேங்க்கில் ஊற்றும் பாட்டில் மருந்து தேய்ந்த இன்ஜெக்டரைச் சரி செய்யாது.

டெஸ்ட் பெஞ்ச் வைத்திருக்கும் டீசல் பம்ப் கடையில் மட்டும் கொடுங்கள். சரி செய்வதற்கு முன்னும் பின்னும் எடுத்த ரிப்போர்ட்டைக் கையில் வாங்குங்கள். இன்ஜெக்டர் மேல் பொறித்திருக்கும் குறியீட்டு எண்ணை ஸ்கேனர் மூலம் வண்டியின் கம்ப்யூட்டரில் ஏற்றினார்களா என்றும் கேளுங்கள். புது இன்ஜெக்டர் போட்டும் இந்த எண்ணை ஏற்றாமல் விட்டால், கம்ப்யூட்டர் பழைய இன்ஜெக்டருக்கான கணக்கிலேயே டீசல் ஊற்றும். பணம் கட்டுவதற்கு முன் அந்த எண் ஸ்கேனர் திரையில் தெரிவதை நேரில் பார்த்துவிடுங்கள். பிறகு அதே பங்க்கில் ஃபுல் டேங்க் போட்டு, முதலில் சொன்ன மாதிரி அளந்து பாருங்கள்.